மேடை ஏறினால் நெஞ்சு படபடக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்த்தினப் போட்டிக் காலம் வந்தால் போதும், ஹட்டன் பக்கமிருந்தும் பண்டாரவளைப் பக்கமிருந்தும் ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பேச்சுப் போட்டிக்குப் போகும் பிள்ளைகள், அவர்களுடைய அம்மா அப்பா, கோயில் திருவிழாவில் பாடுகிறவர்கள், கூத்துக்காரர்கள், நேர்முகப் பரீட்சைக்குப் போகும் இளைஞர்கள் என்று ஆட்கள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. நான் பேச்சும் நாடகமும் பழக்குகிற ஆசிரியை, டொக்டர் இல்லை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

டீச்சர், மேடையில ஏறினா கால் நடுங்குது, வாய் காயுது, நெஞ்சு அடிச்சுக்குது. எனக்கு ஏதும் வருத்தமா?

வருத்தம் ஒன்றும் இல்லை. விஞ்ஞானப் பாடத்தில் தன்னாட்சி நரம்புத் தொகுதி என்று படித்திருப்பீர்கள். அதில் பரிவு நரம்புகள் ஒரு பக்கம், பரபரிவு நரம்புகள் இன்னொரு பக்கம். கொழுந்து பறிக்கும்போது காலடியில் பாம்பைக் கண்டால் பரிவு நரம்புகள் முந்திக்கொள்ளும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரினல் சுரப்பி அதிரினலினை இரத்தத்தில் விடும். இதயம் வேகமாக அடிக்கும், பெரிய தசைகளுக்கு இரத்தம் பாயும். அந்த நேரத்தில் எச்சிலும் சமிபாடும் உடம்புக்கு அவசரமில்லை, அதனால்தான் வாய் காய்ந்து வயிறு கலக்குகிறது. ஓடத் தயாரான கால் ஓடாமல் நின்றால் நடுங்கத்தான் செய்யும். 'எதிர்த்து நில் அல்லது ஓடு' என்ற இந்த நிலையை அமெரிக்க உடலியலாளர் வோல்டர் கனன் 1915-இலேயே விளக்கிவிட்டார். பாம்புக்கும் நடுவர் மேசைக்கும் உடம்பு பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

பரபரிவு நரம்புகள் இதற்கு எதிர்ப்பக்கம் இழுப்பவை. அவற்றில் முக்கியமானது மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு. இதயத்தை மெதுவாக்குவது அதன் வேலைகளில் ஒன்று. 'மெதுவாக அடி' என்று இதயத்துக்கு நாம் நேரே கட்டளை போட முடியாது. ஆனால் மூச்சு தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். இந்தப் பக்கம் முழுக்க மூச்சைப் பற்றியே திரும்பத் திரும்ப வருவதற்கு அதுதான் காரணம்.

பெரிய பேச்சாளர்களுக்கும் இப்படி வருமா, இல்ல நமக்கு மட்டும்தானா?

பம்பாயில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் தன் முதல் வழக்குக்காக எழுந்து நின்ற ஓர் இளம் வக்கீலுக்குத் தலை சுற்றியது. கேட்க ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. என்னால் முடியாது, வேறு வக்கீலைப் பிடியுங்கள் என்று சொல்லி, வாங்கிய 30 ரூபாவையும் விட்டுக்கொடுத்துவிட்டு வெளியேறினார். அவர்தான் காந்தி. அதே மனிதர் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது மலையகத்திலும் கூட்டங்களில் பேசினார். கூச்சம் தனக்குச் சொற்களை அளந்து பேசக் கற்றுக்கொடுத்தது என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. படபடப்பு வராத ஆளாக மாறுவது என்ற இலக்கே வேண்டாம். வந்த படபடப்போடு வாய் திறந்து பேசத் தெரிந்தால் போதும்.

மேடை ஏற இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. இப்ப உடனே என்ன செய்றது?

முதலில் மூச்சு. மூக்கால் இழுங்கள். நிறைந்துவிட்டது என்று தோன்றும்போது மேலே இன்னும் ஒரு சின்ன இழுப்பு. பிறகு வாயைக் குவித்து மெல்ல மெல்ல, நெஞ்சு காலியாகும்வரை வெளியே விடுங்கள். இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். இதை ஐந்தாறு தடவை செய்தால் போதும். மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும், விடும்போது மெதுவாகும். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். 2023-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வொன்றில், இந்த மூச்சை ஒரு மாதம் தினமும் 5 நிமிடம் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களை விடவும் கூடுதலாகத் தெளிந்திருந்தது.

அடுத்தது தசை. வரிசையில் கல்லாக நிற்பதுதான் மிக மோசம். அதிரினலினுக்கு வேலை கொடுக்க வேண்டும். மண்டபத்துக்குப் பின்னால் படி இருந்தால் ஏறி இறங்குங்கள். இடமில்லாவிட்டால் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று ஐந்து விநாடி நெருக்கி, சட்டென்று தளர விடுங்கள். தோளை காதுவரை தூக்கி விடுங்கள். இறுக்கிய பிறகு வரும் தளர்ச்சி, சும்மா தளர முயல்வதை விட ஆழமாக இருக்கும்.

குழாயில் குளிர்ந்த தண்ணீர் பிடித்து முகத்தில் அடிப்பதும் இதயத்தை மெதுவாக்கும். நம் ஊர்த் தண்ணீர் இதற்கென்றே செய்தது. ஆனால் இதய வருத்தம் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம், ஒப்பனை போட்டவர்களும் வேண்டாம்.

'ஆழமா மூச்சு இழு'ன்னு எல்லாரும் சொல்றாங்க. இழுத்தா எனக்குத் தலை சுத்துது, விரல் எல்லாம் மரத்துப் போகுது.

சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பயத்தில் ஏற்கெனவே வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதோடு பெரிது பெரிதாக இழுத்தால் இரத்தத்தில் உள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், விரலிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோல் இருக்கும். உடனே 'ஐயோ, எனக்கு ஏதோ ஆகுது' என்று பயம் இரட்டிப்பாகும், மூச்சு இன்னும் வேகமாகும்.

இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது தானாக வரும். விடுவதை மட்டும் நீட்டுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு இறங்கினால் போதுமானது. காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விடும் பழைய முறை வேண்டாம். இளைப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகவும் போகலாம்.

சாமி கும்பிட்டுட்டு ஏறினா பயம் போகும்னு பாட்டி சொல்றாங்க. உண்மையா?

பாட்டி சொல்வதில் உடலியலும் இருக்கிறது. 2001-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஓர் இத்தாலிய ஆய்வில், 23 பேரை இலத்தீன் மொழியில் செபமாலை சொல்லச் சொன்னார்கள், 'ஓம் மணி பத்மே' மந்திரத்தையும் சொல்லச் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற கணக்குக்குத் தானாக வந்தது. இதயமும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோடு சீராக ஏறி இறங்கின. ஒரு வரியை ஒரே மூச்சில் சொல்லி, அடுத்த வரிக்கு மூச்சு எடுக்கும் எந்தப் பிரார்த்தனைக்கும் இதே தன்மை இருக்கும். காலைக்கூட்டத்தில் பாடும் தேவாரத்தை இழுத்துப் பாடிப் பாருங்கள், மூச்சை நீட்டி விடாமல் அதைப் பாடவே முடியாது.

ஆகவே கும்பிடுங்கள். ஆனால் 'கடவுளே காப்பாத்து, கடவுளே காப்பாத்து' என்று பதைபதைத்துக்கொண்டு கும்பிட்டால் மூச்சு வேகமாகத்தான் ஓடும். தெரிந்த பாட்டை, தெரிந்த செபத்தை, தெரிந்த ஓதலை நிதானமாகச் சொல்லுங்கள். எந்தச் சமயத்துக்காரருக்கும் என் பதில் இதுதான். சமய நம்பிக்கை இல்லாத பிள்ளை ஒன்று வாய்ப்பாட்டை முணுமுணுக்கும், அதுவும் வேலை செய்கிறது.

நுவரெலியாவில போட்டின்னா கை விறைச்சுப் போகுது. நடுங்குறது குளிரா பயமா?

இரண்டும்தான். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலையில் மண்டபத்துக்குள்ளும் மூச்சு புகையாக வரும். பயத்திலும் தோலுக்கு அருகே உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கும், குளிரிலும் சுருங்கும். அதனால் கை இரட்டிப்பாகச் சில்லிடும். குளிரில் வரும் நடுக்கத்தையும் மூளை 'பார், நீ பயந்துவிட்டாய்' என்று பயக் கணக்கில் எழுதிவிடும்.

குளிரின் பங்கை நீக்குவது சுலபம், ஆகவே அதை முதலில் நீக்குங்கள். வெள்ளைச் சீருடைக்கு மேல் சுவெட்டரைக் கடைசி நிமிடம்வரை கழற்ற வேண்டாம். சூடான கோப்பையைக் குடிக்காவிட்டாலும் கையில் பிடித்திருங்கள். வயலின், மிருதங்கம், ஹார்மோனியக்காரர்கள் கையுறை போட்டுக்கொண்டே காத்திருக்கலாம். விறைத்த விரலால் வாசித்துவிட்டு 'பயத்தில் பிழைத்தேன்' என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய.

விடியக்காலை பஸ் ஏறினா வழியெல்லாம் வாந்தி. போய்ச் சேரும்போதே பாதி உயிர் போயிடுது. அப்புறம் எங்க பேசுறது?

இது மேடைக்கூச்சத்தில் சேராது, ஆனால் மேடைக்கூச்சமாக வேடம் போட்டு வரும். மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ இருட்டோடு புறப்பட்டு, வளைவு வளைவாக வந்து, வாந்தியெடுத்து, வெறும் வயிற்றோடு நிற்கும் பிள்ளைக்கு உடம்பு சும்மாவே நடுங்கும். அதைப் பார்த்து 'இந்தப் பிள்ளைக்குத் தைரியம் இல்லை' என்று சொல்கிற பெரியவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்துப் பாதையைப் பார்க்க வேண்டும். பேச்சுத் தாளை எடுத்து வாசிக்கவே கூடாது, ஓடும் வண்டியில் வாசிப்பது குமட்டலைக் கூட்டும். இஞ்சித் துண்டு ஒன்று வாயில் இருக்கட்டும். புறப்படும் முன் பாதி ரொட்டி, போய் இறங்கியதும் ஒரு வாழைப்பழமோ பணிஸோ. போட்டி தொடங்கப் பெரும்பாலும் தாமதமாகும் என்பதால் பையில் இன்னொன்று வைத்திருங்கள். முடிந்தால் முதல்நாளே உறவினர் வீட்டில் போய்த் தங்குவது எல்லாவற்றையும் விட நல்லது.

பிளேன்டீ குடிச்சா தெம்பா இருக்குமே?

பழகியவர்கள் வழக்கமான ஒரு கோப்பையைக் குடிக்கலாம். திடீரென்று நிறுத்தினால் தலையிடி வரும். ஆனால் காத்திருக்கும்போது போகிறவர் வருகிறவரெல்லாம் ஊற்றிக் கொடுப்பதைக் குடித்தால், அதிலுள்ள கஃபீன் நெஞ்சுப் படபடப்பைக் கூட்டும், சிறுநீரும் முட்டும். கஃபீனின் பாதியளவு உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். கோப்பையைக் கைச்சூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலே சொன்னேனே, அதுதான் நல்ல பயன்.

குரல்தான் என்னைக் காட்டிக்கொடுக்குது. தொண்டை அடைச்சு, குரல் நடுங்குது.

மூச்சு மேல்நெஞ்சில் நின்றுவிட்டால் குரலுக்குப் போதிய காற்று வராது. கழுத்துத் தசைகள் இறுகுவதால் குரல் மேலே ஏறும். ஆகவே உங்கள் முறைக்கு முன், வாயை மூடி 'ம்ம்ம்' என்று தாழ்ந்த சுருதியில் முனகுங்கள். உதடு அதிர வேண்டும். முனகுவதே ஒரு நீண்ட வெளிமூச்சு என்பதால் நரம்பும் தணியும், குரலும் சூடாகும். வாய் காய்ந்தால் நாக்கு நுனியை மெல்லக் கடித்தால் எச்சில் ஊறும். வெந்நீர் ஒரு மிடறு போதும்.

மைக் முன் போனதும் உடனே தொடங்காதீர்கள். ஒரு மூச்சை முழுதாக விட்டு, அடுத்து தானாக வரும் மூச்சில் முதல் வசனத்தைச் சொல்லுங்கள். அந்த வசனம் சிறியதாக இருக்கட்டும். 'முத்தமிழும் கமழும் இவ்வவையில்' என்று தொடங்கி நாலு வரி ஓடும் வாழ்த்தை எழுதிக்கொடுக்கிற ஆசிரியர்கள், நடுங்கும் பிள்ளையின் நுரையீரலையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

நான் நடுங்குறது முன்னால இருக்கிற எல்லாருக்கும் தெரியுமே. அந்த வெக்கமே கொல்லுது.

நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தெரியாது. கென்னத் சவிட்ஸ்கி, தோமஸ் கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் இதைச் சோதித்தார்கள். தங்கள் பதகளிப்பு வெளியே எவ்வளவு தெரிந்தது என்று பேசியவர்கள் மதிப்பிட்டது, கேட்டவர்கள் கண்டதை விட அதிகமாக இருந்தது. 'உங்கள் படபடப்பு அவ்வளவாக வெளியே தெரியாது' என்று முன்கூட்டியே சொல்லி வைக்கப்பட்டவர்கள் உண்மையாகவே நன்றாகப் பேசினார்கள். இதயம் அடிப்பது உங்கள் காதுக்குத்தான் கேட்கிறது, மூன்றாம் வரிசைக்குக் கேட்காது.

நிஜமாகவே தெரிவது தாள்தான். மெல்லிய தாள் சின்ன நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். தடித்த மட்டையில் குறிப்பை எழுதுங்கள், அல்லது தாளை மேசையில் வையுங்கள். மைக்கைக் கையில் எடுக்காமல் நிலையில் இருக்க விடுங்கள்.

'பயமில்லை, பயமில்லை'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா போயிடுமா?

நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போது இல்லை என்று சொன்னால் மனம் நம்பாது. உச்ச வேகத்திலிருந்து முழு அமைதிக்கு ஒரேயடியாகக் குதிக்கவும் முடியாது. கினிகத்தேனைப் பள்ளத்தில் இறங்கும் பஸ் சாரதி பிரேக்கை ஒரேயடியாக மிதிக்கமாட்டார், கியரைக் குறைத்துப் பிடித்து இறக்குவார். இங்கேயும் அப்படித்தான்.

அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாடவும் பேசவும் கணக்குச் செய்யவும் வந்தவர்களில் சிலரை 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்ல வைத்தார். 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொன்னவர்களை விட, உற்சாகம் என்று சொன்னவர்கள் நன்றாகச் செய்தார்கள். பயத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான், பெயர்தான் வேறு. நம் பிள்ளைகளுக்கு 'உற்சாகம்' என்ற சொல் வாயில் ஒட்டாது. 'சரி, உடம்பு ரெடி' என்று சொல்லச் சொல்கிறேன்.

பாதியில மறந்து போச்சுன்னா? அதை நினைச்சாத்தான் தூக்கமே வருதில்ல.

பதற்றம் கூடும்போது, மனதில் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடியது குறைந்துபோகும். ஒரு சொல்லை அடுத்த சொல்லோடு கோத்து மனனம் செய்தவர்களுக்கு, ஒரு சொல் கழன்றால் எல்லாம் கழன்றுவிடும். பேச்சை ஐந்தாறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் முதல் வசனத்தையும் தனியாகப் பாடமாக்குங்கள். வீட்டில் அம்மாவை 'மூன்று' என்று சொல்லச் சொல்லி, மூன்றாம் துண்டிலிருந்து தொடங்கிப் பழகுங்கள். முடிவு வசனம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும், எங்கே தடம் புரண்டாலும் அதற்குத் தாவி மரியாதையாக முடித்துவிடலாம்.

மேடையில் மறந்துவிட்டால் வாயை மூடி ஒரு நீண்ட வெளிமூச்சு. உங்களுக்கு யுகமாகத் தெரியும் அந்த மூன்று விநாடி, கேட்பவர்களுக்கு அழுத்தம் கொடுக்க நிறுத்தியதாகவே படும். பிறகு அடுத்த துண்டு. மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

வீட்டில பழக இடமில்ல. லயத்துல எல்லாருக்கும் கேக்கும், சிரிப்பாங்க. எங்க போய்ப் பழகுறது?

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் இருக்கும்போது பேச்சுப் பழகுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குறை ஒரு விதத்தில் வசதியும்தான். மேடைப் பயம் தனியறையில் பழகிப் போகாது. பார்ப்பவர்கள் இருக்கும்போது ஒன்றும் ஆகவில்லை என்பதை நரம்புகள் திரும்பத் திரும்ப அனுபவித்தால்தான் எச்சரிக்கை மணி தணியும்.

ஆகவே படிப்படியாக ஏறுங்கள். முதலில் தேயிலை மலைப் பாதையில் நடந்துகொண்டே சத்தமாகச் சொல்லுங்கள். அடுத்து ஒரே ஒரு தோழி. அப்புறம் வீட்டு முன் இஸ்தோப்பில் நின்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு. பிறகு தோட்டத்து ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்திலோ கோயில் வாசலிலோ, கடைசியாகப் பாடசாலைக் காலைக்கூட்டத்தில். ஒவ்வொரு படியிலும் படபடப்பு ஓரளவு இறங்கும்வரை நின்று, பிறகு மேலே போங்கள். மூச்சுப் பயிற்சியை நாளுக்கு ஐந்து நிமிடம், பயமில்லாத நேரத்தில், போட்டிக்கு ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். அன்றைக்குத்தான் முதன்முதலாகச் செய்து பார்த்து 'வேலை செய்யல டீச்சர்' என்று சொல்வதுதான் எனக்கு வரும் முறைப்பாடுகளில் பாதி.

பின்வாங்கினால் பயம் வளரும் என்பதையும் மனதில் வையுங்கள். அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 1967-இல் நியூயோர்க்கில் பெருங்கூட்டத்தின் முன் பாடல் வரிகளை மறந்தார். அதன்பிறகு ஏறத்தாழ 27 ஆண்டுகள் கட்டண இசை நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் தவிர்த்தார். குரல் எங்கும் போகவில்லை, மேடைதான் போயிற்று.

காமன் கூத்துல மதனா வேஷம் கட்டி விடிய விடிய ஆடுறேன், ஒரு பயமும் இல்ல. நன்றியுரை சொல்லச் சொன்னா நடுங்குது. இது என்ன கூத்து?

நல்ல கேள்வி, இதை எனக்குப் பிடிக்கும். மன்மதன் கதையை ஆடும் இந்தக் கூத்துக்கு முன் உங்களுக்கு என்னவெல்லாம் நடக்கிறது என்று பாருங்கள். மாசியில் காப்புக் கட்டி விரதம் இருக்கிறீர்கள். பல இரவுகள் ஒத்திகை. அன்றைக்கு நிதானமாக முகத்துக்கு ஒப்பனை. தப்புச் சத்தம் கேட்டதும் கால் தானாகத் தாளத்துக்கு அசைகிறது, அதிரினலின் ஆட்டத்திலேயே செலவாகிறது. பாட்டு மூச்சை நீட்டி விட வைக்கிறது. மேலே சொன்ன எல்லாமே, யாரும் சொல்லித்தராமலே கூத்துக்குள் இருக்கிறது. அதோடு, சபை பார்ப்பது மதனை, உங்களை இல்லை.

நன்றியுரைக்கு இதில் ஒன்றுகூட இல்லை. பெயரைக் கூப்பிட்டதும் இருக்கையிலிருந்து எழுந்து, சொந்த முகத்தோடு, குளிர்ந்த உடம்போடு வந்து நிற்கிறீர்கள். ஆகவே நன்றியுரைக்கும் ஒரு சின்னச் சடங்கை வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடப் பத்து நிமிடம் இருக்கும்போதே எழுந்து பின்னால் போய்க் காலில் தாளம் தட்டுங்கள், லாவணிப் பாட்டு ஒன்றை முனகுங்கள், மேடையைத் தொட்டுக் கும்பிடுங்கள். எப்போதும் அதே வரிசையில் செய்தால் உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்ளும். 'நன்றி சொல்கிறவர்' என்பதும் ஒரு வேடம்தான்.

ஒரு சொட்டு போட்டுட்டு ஏறினா தைரியம் வருதே, அதுல என்ன பிழை?

தைரியம் வருவது உண்மை. நாக்குத் தடிப்பதும் வசனம் கழல்வதும் அதோடு வரும். குடிக்காமல் ஏறி ஒன்றும் ஆகவில்லை என்று நரம்புகள் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் போய்விடும், அடுத்த முறை ஒரு சொட்டு இரண்டாகும்.

கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போனா, நம்ம பேச்சைக் கேட்டுச் சிரிப்பாங்களோன்னு பயமா இருக்கு.

வலயத்திலும் மாகாணத்திலும் துணிச்சலாகப் பேசிய பிள்ளைகள் அகில இலங்கைப் போட்டியில் சுருங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். மன அழுத்தம் பற்றிய 208 ஆய்வுகளை 2004-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பிறர் நம்மை எடைபோடுகிறார்கள், நம் கையில் ஒன்றும் இல்லை என்ற இரண்டும் சேரும் இடத்தில்தான் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் மிக அதிகமாக ஏறுகிறது என்று தெரிந்தது. தோட்டத்து மக்களை இழிவாகச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த சமூகத்துப் பிள்ளைக்கு அந்த எடைபோடல் கற்பனை இல்லை. மூச்சுப் பயிற்சி மட்டும் இதைத் தீர்த்துவிடும் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

ஆனால் உங்கள் கையில் இருப்பவை சில உண்டு. போட்டி மேடைத் தமிழ் எல்லாருக்கும் படித்துப் பெற்ற தமிழ்தான், யாழ்ப்பாணப் பிள்ளையும் வீட்டில் பேசுவதுபோல் அங்கே பேசுவதில்லை. ல, ள, ழ உச்சரிப்பையும் ர, ற வேறுபாட்டையும் சுத்தமாகப் பழகுங்கள், அதற்குப் புள்ளி உண்டு. யாருடைய இழுவையையும் போலி செய்யாதீர்கள். பேசிக்கொண்டே தன் பேச்சைத் தானே காவல் காப்பது மூளைக்கு இரட்டை வேலை, மறதிக்கு அது நேர்வழி. முன்கூட்டியே போய் வெற்று மேடையில் ஏறி நின்று பாருங்கள், மற்ற ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் பெயர் கேளுங்கள். அந்நியர் கூட்டத்தில் தெரிந்த முகம் இரண்டு இருந்தாலே உடம்புக்குப் போதும்.

என் மகளுக்குப் பயம். அதட்டி ஏத்தினா சரியாகும்னு நினைக்கிறேன்.

ஆகாது, அம்மா. அதட்டல் இன்னொரு ஆபத்துச் சமிக்ஞை, படபடப்பு கூடத்தான் செய்யும். 'நான் அந்த மூலையில் நிற்பேன், என்னைப் பார்த்துச் சொல்லு' என்று சொல்லுங்கள், சொன்ன இடத்தில் நில்லுங்கள். பிள்ளைக்கு முன்னால் நீங்கள் பதறாமல் இருப்பதும் முக்கியம், உங்கள் மூச்சையும் நீட்டி விடுங்கள்.

படபடப்புக்கு ஒரு மாத்திரை இருக்காமே. பார்மசியில வாங்கிப் போடலாமா?

நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் புரொப்ரனலோல். 1960-களில் ஜேம்ஸ் பிளாக் இதய நோயாளர்களுக்காகக் கண்டுபிடித்தது, அவருக்கு 1988-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதிரினலின் இதயத்தில் போய் ஒட்டும் இடங்களை அது அடைக்கும், ஆகவே நெஞ்சடிப்பும் கை நடுக்கமும் குறையும். மேலைநாட்டு இசைக்கலைஞர்கள் சிலர் இதைப் பாவிப்பது உண்மை.

டொக்டர் எழுதித் தராமல் தொடவே வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக் குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம், நம் குளிர்ப் பகுதிகளில் இளைப்புக்காரர் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைவானவர்களுக்கும், சில நீரிழிவு நோயாளருக்கும் கூடாது. வேறொருவர் குளிசையை இரவல் வாங்குவதும் இதே கணக்குத்தான்.

எப்ப இது சாதாரணக் கூச்சம் இல்ல, டொக்டரைப் பாக்கணும்னு தெரிஞ்சுக்கிறது?

மேடைக்கு மட்டுமில்லாமல் கடையில் சாமான் கேட்கவும் வகுப்பில் பெயர் சொல்லவும் பயம் வந்தால், அதற்காகப் பாடசாலைக்கே போகாமல் நின்றால், மாதக்கணக்கில் இப்படியே இருந்தால், அது சமூகப் பதகளிப்பாக இருக்கலாம். அதற்குப் பேச்சு வழிச் சிகிச்சை உண்டு, குணமும் ஆகும். அரசாங்க வைத்தியசாலை மனநலக் கிளினிக்கில் காட்டலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். உடற்பயிற்சியின்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ அதைக் கூச்சத்தின் தலையில் போடாமல் உடனே காட்டுங்கள்.

மேடையில் அசையாமல் நெடுநேரம் நின்று விழுவது வேறு கதை. முழங்காலைப் பூட்டிக்கொண்டு நின்றால் இரத்தம் காலில் தங்கிவிடும். கால் விரல்களை அசைத்து, கெண்டைக்காலை இறுக்கி இறுக்கி விடுங்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள்.

பேசும்போது ஒண்ணுமில்ல. இறங்கின அப்புறம்தான் உடம்பெல்லாம் உதறுது, அழுகை வருது. இது ஏன்?

அதிரினலின் சுரந்தது சுரந்ததுதான், நீங்கள் 'நன்றி, வணக்கம்' சொன்னவுடன் அது மாயமாக மறையாது. பேசும்போது கவனம் பேச்சில் இருந்ததால் உதறல் தெரியவில்லை. கோர்ட்டிசோல் இறங்க அதையும் விட நேரம் எடுக்கும். இறங்கியதும் உடனே நாற்காலியில் சுருண்டு உட்காராமல் மண்டபத்தைச் சுற்றிக் கொஞ்சம் நடங்கள், ஏதாவது சாப்பிடுங்கள், சுவெட்டரைப் போடுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

முடிவு அறிவிக்கும்வரை 'அந்த இடத்தில் பிழைத்தேன், இந்த இடத்தில் திக்கினேன்' என்று கணக்குப் பார்க்க வேண்டாம். யாராவது போனில் வீடியோ எடுத்திருந்தால் அன்றிரவு பார்க்காதீர்கள். இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு, ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் மூச்சு எடுக்காமல் ஓடினீர்கள் என்பதை மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.